அஞ்சு கேவி கேட்ட அண்ணி

எம்பேரு தீபன். வயசு இருபத்திமூணு. வூடு எர்ணாவூருல, நான் இருக்கறது தோஹாவுல. லேபர் கேம்ப்புல மேல் கட்டில்ல பட்த்துகினு போன்ல பேசிப் பேசியே இத டைப் பண்ணிகினு கீறேன். எயுத்து தப்பா வுயுந்தா கோச்சிக்காதீங்க. எங்கம்மா அய்துகினே சொன்னதையும் தெருவுல தோஸ்துங்கோ சொன்னதையும் கோத்து, எங்கண்ணி அன்புக்கரசிக்கு இன்னா ஆச்சின்னு சொல்றேன்... கேளுங்க.

புயல் அட்ச்சி ஓஞ்ச மறுநாள் காலைல. கரண்டு இல்ல. தெருவுல முட்டிக்கால் தண்ணி. அண்ணி கீய சம்புல தண்ணி மொண்டு, இடுப்புல கொடத்த வச்சிகினு மாடி ஏறிகினு இருந்தாங்க. பாதி படில நின்னு அடிவயித்த புட்ச்சிகினு சொவத்துல சாஞ்சாங்க.

மேலருந்து எங்கம்மா இருதயம்மா கத்துனாங்க. "ஏம்மே! தண்ணி எட்த்தார போனியா, கடலையே எட்த்தார போனியா? மூஞ்சி கய்வ கூட தண்ணி இல்லாம குந்திகினு கீறேன்!"

"வர்றேன் அத்தே..."

கூடத்துல நடு அண்ணன் ஜெஸ்வின் போனுல பேசி முட்ச்சிட்டு சொன்னான். "அம்மா, இனிமே கவலயே வாணாம். தோஸ்து ஒருத்தன் கைல ரெண்டு கேவி ஜென்செட் கீது. மத்தியானத்துக்குள்ள எறக்கிர்றேன்."

ஜென்செட்டுன்னா ஜெனரேட்டரு, கேவின்னா அது எவ்ளோ கரண்டு குடுக்கும்ங்கற கணக்கு. அண்ணி கொடத்த எறக்கி வச்சாங்க. "ஜெஸ்வினு, ரெண்டு கேவி பத்தாதுப்பா. லைட்டு, ஃபேனு, ஃபிரிட்ஜு ஓடும். தண்ணி மோட்டரு ஓடாது."

"ஏன் ஓடாது? ஒரு எச்பி மோட்டரு. ஆயிரம் வாட்டு வருமா?"

"ஓடறப்ப ஆயிரம். கெளம்பறப்ப மூணு மடங்கு இஸ்க்குமாம். கோயில் திருவிழாக்கு ஜென்செட் கொணாருவாரே மைக்செட்காரரு, அவராண்ட கேட்டேன். மோட்டரும் ஃபிரிட்ஜும் சேந்து ஓடணும்னா அஞ்சு கேவி வாங்குங்கன்னாரு. அதுக்கு மேல பத்து, பாஞ்சின்னு போனாலும் தப்பாம். சும்மா பொகைய கக்கிகினு டீசலத்தான் துன்னுமாம்."

எங்கம்மா வாக்கிங் ஸ்டிக்க தரையில தட்டுனாங்க. "ஓகோ! மைக்செட்காரனாண்ட போயி கத பேசிட்டு வந்தியா? அஞ்சு கேவி இன்னாத்துக்குமே உனுக்கு? உன் ரூம்புக்கு ஏசி மாட்டத்தானே? புள்ளயா குட்டியா? ஒண்ணுத்துக்கும் வக்கில்லாத ஒடம்புக்கு குளுகுளுன்னு காத்து கேக்குதா?"

எதுக்கு கேக்கறாங்கன்னு அண்ணி சொல்லல...

வாய தொறந்தா சில வருசம் முன்னாடி வந்த வெள்ளத்து கத வெளிய வந்துரும். அப்ப எங்கம்மா இடுப்பு எலும்பு ஒட்ஞ்சி மேல பட்த்த படுக்கையா கெடந்தாங்க. கரண்டு வராம மோட்டரு ஓடல. பீ மூத்திரம் எல்லாம் பட்த்த எடத்துலயே. அதுங்கள கய்வ, எங்கண்ணி வவுத்துல நாலு மாச புள்ளயோட கொடம் கொடமா இதே படில தூக்குனாங்க. ஒரு நாள் பாதி படில அது கலஞ்சி போச்சி. ரத்தத்த அவங்களே கய்வி உட்டுட்டு, பெரியாஸ்பத்திரிக்கு தனியா போய் வந்து, "வவுத்து வலி"ன்னு சொல்லிட்டாங்க. உண்டாயிருந்ததையே அதுவரிக்கும் யாராண்டயும் சொல்லல. சொன்னா கெயவி மனசு ஒட்ஞ்சி செத்துருமேன்னு! அதுக்கப்புறம் வவுத்துல புள்ள தங்கவே இல்ல. திரும்ப வெயிட்டு தூக்குனா கர்ப்பப்பையே எறங்கிரும்னு டாக்டரு சொல்லியும், இன்னிக்கும் கொடம் அவங்க இடுப்புலதான். அந்த படியேறாம இருக்கணும்... அதான் அவங்க கேட்ட அஞ்சு கேவி. ஏசியாவது, கூசியாவது!

"இன்னாடி காலங்காத்தால ரோதன?" அண்ணியோட புருசன், எங்க பெரிய அண்ணன் சிலுவைமுத்து ரூம்புலருந்து வந்தாரு. ஹார்பர்ல டிரெய்லர் ஓட்றவரு. ராத்திரி முச்சூடும் தூக்கம் இல்லாத கண்ணு.

"ஒண்ணும் இல்ல மாமா. ஜென்செட்டு வாங்கறது வாங்கறோம், மோட்டரு ஓட்ற மாதிரி..."

"எங்கம்மாவாண்டயே எதுத்து பேசறியா?" கொடத்து மேல வுட்டாரு ஒரு ஒத! நெறஞ்ச கொடம் உருண்டு வந்து அண்ணி காலெலும்புல மோதி நசுங்கிச்சி. தோலு பிஞ்சி ரத்தம். தண்ணி கூடம் பூரா ஓடுச்சி.

"தண்ணிய சிந்திட்டாளே!"ன்னு கத்துனாங்க எங்கம்மா.

அண்ணி குனிஞ்சி தொடச்சாங்க. தொடச்சிட்டு, இன்னொரு கொடத்த எட்த்துகினு மறுபடி எறங்குனாங்க.

மத்தியானம் தாண்டி வானம் திரும்ப கருத்து மழ புட்ச்சிகிச்சி. ஜெஸ்வின் மூணு சக்கர மீன்பாடி வண்டில ஜென்செட்ட கொணாந்து, மாடி ஏத்தி பின் நடைல வச்சான். வூட்டுக்கும் ஜென்செட்டுக்கும் நடுவுல மாத்தி உட்ற சுச்சி ஒண்ணு வைக்கணுமாம், சேஞ்ச்ஓவர்னு பேரு. அது இல்ல. ரெண்டு பக்கமும் முள்ளு நீட்டிகினு கீற ஆம்பள பிளக்கு வச்ச ஒயர எட்த்து, ஒரு பக்கம் ஜென்செட்டுல, இன்னொரு பக்கம் சமையல்கட்டு பிளக்குல சொருகினான்.

"ஜெஸ்வினு, மெயின் சுச்ச எறக்கினியா?"

"எறக்கிட்டேன், போங்கண்ணி."

எறக்கல. கரண்டுதான் இல்லியே, எறக்கினா இன்னா எறக்காட்டி இன்னான்னு உட்டுட்டான். படிச்ச புள்ளதான்... அவனுக்கு தெரியல.

ஜென்செட்ட கெளப்பற கயித்த இஸ்தான். தடதடதடன்னு ஒரே சத்தம். வூடு பூரா பளிச்சின்னு எரிஞ்சிச்சி. எங்கம்மா கை தட்டி சிரிச்சாங்க. "பாத்தியாமே? ரெண்டு கேவிலயே கல்யாண வூடாட்டம் எரியிது! அஞ்சு கேக்கறாளாம் அஞ்சு!"

அப்பத்தான் தெருவுல ஒரு நாய் கத்துன கத்து... அது நாய் கத்தற மாதிரியே இல்ல.

அண்ணி மாடி வாசல்ல வந்து பாத்தாங்க. போஸ்டுலருந்து நம்ம வூட்டுக்கு வர்ற ஒயரு புயல்ல அறுந்து தெருத்தண்ணில கெடந்துச்சி. அதும்மேல காலு பட்ட நாய் நாலு காலையும் வெறச்சிகினு மெதந்துச்சி. தண்ணில குப்புகுப்புன்னு கொமியி. ஜென்செட் கரண்டு மெயின் வழியா திரும்பி, ஒயருல ஏறி, தெருவுக்கு போய்க்கினு கீது!

தெருமுனையில தண்ணில பைக்க தள்ளிகினு வர்றது யாரு? வெளிய போயிருந்த சிலுவைமுத்து!

"யோவ்! வராத! அங்கயே நில்லுயா!"

மழ சத்தம், ஜென்செட் சத்தம். அவருக்கு கேக்கல. தல குனிஞ்சி தள்ளிகினே வந்தாரு.

அண்ணி உள்ள ஓடுனாங்க. "ஜெஸ்வினு! நிறுத்து! நிறுத்துடா!"

"ஆரம்பிச்சிட்டீங்களா? வயித்தெரிச்சலா?" ஜென்செட்டுக்கு முன்னாடி கைய விரிச்சிகினு நின்னான்.

"டேய், உங்கண்ணன் சாவப் போறாருடா! தள்ளு!"

"நல்ல நாடகம்!" ஒரே தள்ளு. அண்ணி நெத்தி அம்மி மூலைல இட்ச்சி பொளந்துச்சி. கண்ணுல ரத்தம். எய்ந்தாங்க. பேச நேரம் இல்ல. ஓரமா சாத்தி வச்சிருந்த கடப்பாரைய எட்த்து ஓங்கி வீசுனாங்க. அவன் தோள்ல வுயுந்துச்சி, "அம்மா"ன்னு சாஞ்சான். ரெண்டாவது அடி, ஒயரு சொருகின எடத்துல. படார்! பொறி பறந்துச்சி. மூணாவது அடி. நாலாவது அடி. தகரம் கிழிஞ்சிச்சி, கைப்பிடி தெறிச்சிச்சி, மெஷின் இருமிட்டு அடங்கிச்சி. அதுக்கப்புறமும் அட்ச்சிகினே இருந்தாங்க. எத்தினி வருசத்து அடியோ அது...

வூடு இருட்டா போச்சி.

கொஞ்ச நேரம் கயிச்சி சொட்ட சொட்ட நனஞ்சி பெரிய அண்ணன் உள்ள வந்தாரு. தம்பி ரத்தத்தோட தரையில. பொண்டாட்டி கைல கடப்பாரை.

எங்கம்மா தலைல அட்ச்சிகினாங்க. "பாருடா! அஞ்சு வாங்கித் தர்லன்னு ரெண்ட ஒட்ச்சிட்டா பாவி! எம்புள்ளய கொல்ல வந்துட்டாடா!"

அண்ணி அவர பாத்தாங்க. உசுரோட நிக்கறாரு. "வந்துட்டியா... மாதாவே..." சிரிப்பும் அய்யுகையுமா வாய் கோணிச்சி. "ஒயரு... தெருவுல..."

சிரிக்கறான்னு மட்டும்தான் அவருக்கு தெரிஞ்சிச்சி.

உட்டாரு ஒண்ணு. அவுரு சோத்து கை, அண்ணி இடது காதுல. டிரெய்லர் ஸ்டேரிங்க வளைக்கற கை அது! அண்ணி சொவத்துல மோதி சரிஞ்சாங்க. முடிய புட்ச்சி தூக்கி, இன்னொண்ணு. அதே காது. "என் தம்பிய அடிப்பியா? அடிப்பியா?" அண்ணி கைய தூக்கி தடுக்கக் கூட இல்ல...

மறுநாள் காலைல ஈபிகாரரு ஏணியோட வந்தாரு. செத்த நாயையும் ஒயரு முனையையும் பாத்துட்டு வாசல்ல நின்னு கத்துனாரு. "யாரு வூட்டு ஒயருயா இது? மெயின எறக்காம ஜென்செட் போட்டீங்களா? கரண்டு திரும்பி வெளிய வந்திருக்குது! தெருவையே கொன்னிருப்பீங்களேடா பாவிங்களா! எந்த புண்ணியவான் நிறுத்துனது?"

ஜெஸ்வின் மூஞ்சி வெளுத்துப்போச்சி.

சிலுவைமுத்து சோத்து கைய விரிச்சி பாத்தாரு. "அந்த ஒயரு... நேத்து பைக் சக்கரத்துல மாட்டிகிச்சி. நாந்தான்... இந்த கையாலதான் புட்ச்சி ஓரமா போட்டேன்..."

"எப்பய்யா?"

"ஜென்செட் சத்தம் நின்னுச்சே... அப்பத்தான்."

ஈபிகாரரு அவர மேலயும் கீயயும் பாத்தாரு. "அப்ப அத நிறுத்தின மகராசன் கால்ல போய் உயுயா."

எங்கம்மா ஸ்டிக்க கூட எடுக்கல. செவுத்த புட்ச்சிகினு சமையல்கட்டுக்கு நடந்தாங்க. அண்ணி அடுப்பாண்ட குந்தி அரிசி களஞ்சிகினு இருந்தாங்க. அம்மா அவங்க இடது பக்கம் குந்துனாங்க.

"அன்பு... ஏம்மா அன்பு..."

அண்ணி திரும்பல.

"கோவமாமே? என்ன செருப்பாலயே அடி... ஒரு வார்த்த பேசுமே..."

திரும்பல. அப்பத்தான் அம்மா பாத்தாங்க. காதுலருந்து கழுத்து வரிக்கும் காஞ்ச ரத்தம்.

"அய்யோ! காது கேக்கலியா உனுக்கு? அய்யோ, எம்மவன் உன் காத ஒட்ச்சிட்டானா!" அப்பிடியே கட்டி புட்ச்சிகினு கதறுனாங்க. அண்ணி மெரண்டு போயி, அப்புறம் மெதுவா அவங்க முதுக தடவி குட்த்தாங்க. அம்மா வலது காதாண்ட நவுந்து வந்து கேட்டாங்க.

"என் கொல தெய்வமே... ஏம்மே அந்த அஞ்சு கேவிக்கு அப்பிடி அடம் புட்ச்ச? சொல்லி தொலச்சிருக்கலாமே!"

அண்ணி அரிசி களஞ்ச தண்ணிய வடிச்சி ஓரமா வச்சாங்க. அப்புறம் சொன்னாங்க. படிய சொன்னாங்க, கொடத்த சொன்னாங்க, நாலு மாசத்த சொன்னாங்க. கொரல ஒசத்தல.

எங்கம்மா கத்தல. அண்ணி வவுத்துல கைய வச்சிகினு, "என் பீய கய்வ... என் பீய கய்வியா போச்சி?"ன்னு அதையே திருப்பித் திருப்பி சொல்லிகினு இருந்தாங்க.

வாசப்படில நின்னுகினு கேட்ட பெரிய அண்ணன் தொப்புனு கால்ல வுயுந்தாரு. "அன்பு! என்ன கொன்னுடு!" அண்ணி கால இஸ்துகினாங்க.

"எய்ந்திருயா. மன்னிச்சனா இல்லியான்னு எனக்கே இன்னும் தெர்ல. தெரிஞ்சா சொல்லி அனுப்பறேன்."

அண்ணி அவங்க அக்கா வூட்டுக்குப் போவ பைய எட்த்துகினு கெளம்பறப்ப, எங்கம்மாவும் ரெண்டு பொடவைய மட்ச்சி பைல போட்டாங்க.

"நீ எங்கம்மா போற?"ன்னான் ஜெஸ்வின்.

"எம்மருமவளோட போறேன். இந்த வூட்ல தண்ணி தூக்கறது இனிமே நீங்க ரெண்டு பேருதான். எங்களாண்ட கெஞ்ச வராதீங்க. மோட்டராண்ட போயி கெஞ்சுங்க, போங்கடா!"

ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் புட்ச்சிகினு தண்ணில நடந்து போனாங்க. இப்ப ராயபுரத்துல அண்ணியோட அக்கா வூட்ல கீறாங்க. எர்ணாவூருல அஞ்சு கேவி வந்திருச்சி, சேஞ்ச்ஓவர் சுச்சியோட. மோட்டரு நல்லா ஓடுதாம். பெரிய அண்ணன் தெனம் வண்டிய உட்டுட்டு ராயபுரம் போயி அந்த வூட்டு வாசல்ல நின்னுட்டு வர்றாராம். அண்ணி இன்னும் சொல்லி அனுப்பல.

அண்ணிக்கு இடது காது ஜவ்வு கிழிஞ்சி, உள் நரம்பும் செத்துப்போச்சி, அந்த காதுல இனிமே கேக்காதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. எனுக்கு லீவு கெடைக்கல. அங்க ராயபுரத்துல எங்கண்ணிய யாராவது பாத்தீங்கன்னா, கூப்ட்டு திரும்பலன்னா திமிருன்னு நெனச்சிடாதீங்க. கொஞ்சம் சுத்தி போயி, வலது பக்கமா நின்னு பேசுங்க.