பஞ்சுவின் அரிப்பு

சொறிகிற சத்தம் கேட்டதும், தையல் மெஷினின் பெடலிலிருந்து காலை எடுக்காமலேயே, "போதுண்டா பஞ்சு, தோல் வந்துடும்" என்றாள். சத்தம் நிற்கவில்லை. பின்னங்கால் தரையில் இடிக்கிற டக் டக் டக், அதோடு சேர்ந்து நகம் தோலை வாருகிற கரகரப்பு. மாதக்கணக்கில் கேட்டுக் கேட்டு அவள் காதில் கடிகாரச் சத்தம்போலப் படிந்துபோனது அது. அதட்டுவதற்காகக் குனிந்தாள். மேசைக்கு அடியில், உடம்பை நக்காமலிருக்க டாக்டர் கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் கூம்பின் விளிம்பு அவள் கணுக்காலில் பட, பஞ்சு அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. நான்கு காலும் அசையவில்லை.

மெஷினை நிறுத்தினாள். சத்தம் பின்னறையிலிருந்து வந்தது. அவள் காது கொடுப்பது தெரிந்ததுபோல் சட்டென்று அடங்கியது.

எலியாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பாதியில் நின்ற சீருடைக் காலரை மறுபடி ஊசிக்கு அடியில் தள்ளினாள். எலிக்கு அவ்வளவு கனமான கால் கிடையாது என்பதும் அவளுக்குத் தெரியும்.

கணவன் சரக்கு லாரி ஓட்டுகிறவன். அவன் ஊரில் இல்லாத நாட்களில் அந்த வீட்டில் அவளைத் தவிர மூச்சு விடுவது அவளுடைய நாய் பஞ்சு ஒன்றுதான். பஞ்சைப் போல வெளுத்து, பஞ்சைப் போலவே மெத்தென்று இருந்ததால் அந்தப் பெயர். அரிப்பு வந்த பிறகு பெயர் மட்டுமே மிச்சம். வயிற்றிலும் தொடையிலும் ரோமம் கொட்டி, தோல் தக்காளிப் பழம்போலச் சிவந்து, காதுக்குள் பிசுபிசுத்து, பாதங்களை ராப்பகலாக நக்கிக்கொண்டே கிடந்தது.

கடைசியாகக் கிளம்பும்போது கணவன் செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டான். "ஹாரன் சத்தத்துல தூங்கிடுவேன். இது இடிக்கிற இடியில தூங்க முடியலை. வண்டி ஓட்டுறவன் தூங்கலேன்னா என்னாகும்னு உனக்கே தெரியும். நான் வர்றதுக்குள்ள சரியாகலேன்னா, பண்ணை வச்சிருக்கான்ல என் கூட்டாளி, அவன்கிட்ட விட்டுடலாம்."

"பண்ணையில சங்கிலியில கட்டிப் போடுவாங்க. அங்க இது ஒரு வாரம் தாங்காதுங்க."

"அப்ப சரி பண்ணு, டெய்லரம்மா. கிழிஞ்சதெல்லாம் தைக்கிறே, இதைத் தைக்க முடியாதா?"

தெருமுனையில் இருந்த நாய் டாக்டர், பஞ்சுவின் காதைத் திருப்பிப் பார்த்தபடி சொன்னார். "இது ஒவ்வாமைம்மா. எதுனால வருதுன்னு கண்டுபிடிக்கிறதுதான் பெரிய வேலை. தீனியா இருக்கலாம், தரை கழுவுற மருந்தா இருக்கலாம், மெத்தைத் தூசியா இருக்கலாம். ஒவ்வொண்ணா வீட்டை விட்டு வெளியேத்துங்க. மொத்தத்தையும் ஒரே நாள்ல எடுத்துட்டீங்கன்னா குத்தவாளி யாருன்னு தெரியாது. கொட்டுற முடியில கொஞ்சம் கொண்டு வாங்க, பார்ப்போம். அப்புறம் நீங்களும் கொஞ்சம் தூங்குங்க. நாயை விட உங்க கண்ணுதான் சிவந்திருக்கு."

வரிசை தவறாமல் செய்தாள். முதலில் தீனி மூட்டையை எடுத்தாள். புதுத் தீனி வந்தது. அடுத்து சோப்பு. பிறகு தரை மருந்து. பிறகு பஞ்சு படுக்கும் கம்பளம், அதன் போர்வை, தோல் கழுத்துப்பட்டை, பிளாஸ்டிக் தட்டு, பல்லால் கடித்துக் கடித்துக் கூழாக்கிய ரப்பர் பந்து, கடைசியாக அது ஏறிப் படுக்கும் பிரம்பு நாற்காலி. வெளியே வீச மட்டும் அவளுக்கு மனம் வரவில்லை. துண்டுத் துணியைக்கூடத் தூக்கிப் போடாத கை அது. எல்லாவற்றையும் பின்னறையில் அடுக்கிப் பூட்டினாள். டாக்டர் கொஞ்சம் முடிதான் கேட்டார். அவளோ தினமும் கூட்டி அள்ளிய ரோமம் முழுவதையும் ஒரு தலையணை உறையில் சேர்த்தாள். உறை புடைத்து நிரம்பியபோது, பறக்காமலிருக்க அதன் வாயை மெஷினில் கிடந்த சீருடை நூலால், நீல நூலால், நெருக்கமாகத் தைத்து, பின்னறையில் கம்பளத்தின் மேல் கிடத்தினாள்.

அதற்குப் பிறகுதான் பஞ்சு தேறத் தொடங்கியது.

அதற்குப் பிறகுதான் அந்தச் சத்தமும்.

முதலில் மதிய நேரங்களில், தெரு அடங்கி, மின்விசிறி மட்டும் முனகும் பொழுதில் கேட்டது. பிறகு அவள் சமைக்கும்போது, குளிக்கும்போது, போனில் பேசும்போது. பின்னறையைத் தாண்டும்போதெல்லாம் கதவிடுக்கிலிருந்து ஒரு வாடை வந்தது; பழைய தீனியும், ஈரக் கம்பளமும், காதுப் பிசுபிசுப்பும் கலந்த, பஞ்சு மோசமாக இருந்த நாட்களின் அதே வாடை. பஞ்சுவின் உடம்பில் இப்போது அது இல்லை. பஞ்சு அந்தக் கதவுப் பக்கமே போவதில்லை. குரைக்கவும் இல்லை. சுவரை ஒட்டி, வயிறு தரையில் தேய, சுற்றிக்கொண்டு போனது.

ஒரு சாயங்காலம் கதவில் காதை வைத்துப் பார்த்தாள். உள்ளே தீனி மொறுமொறுத்தது. தட்டு தரையில் நகர்ந்தது. பிறகு கதவின் அடியில், அவள் கால்விரல்களுக்கு நேராக, ஏதோ ஒன்று மூச்சை இழுத்து மோந்தது.

ஒரு நாய்க்கு வேண்டிய அத்தனையும் அந்த அறையில் இருந்தது. அவளே கொண்டு வைத்தது. நாய் மட்டும்தான் இல்லை.

சாவியைக் கையில் எடுத்தாள். கூடத்தில் பஞ்சு கூம்புத் தலையைச் சாய்த்து அவளையே பார்த்தது. அதன் தொடையில் புது ரோமம் அரும்பியிருந்தது, குழந்தையின் உச்சந்தலைபோல. கதவைத் திறந்தால்? உள்ளே போனது மறுபடி வெளியே வந்தால்? மறுபடி சிவந்தால்? பண்ணை. சங்கிலி.

சாவியை ஆணியிலேயே மாட்டினாள். அங்கே எது சொறிந்தால் என்ன, பஞ்சு சொறியவில்லையே என்று நினைத்தாள். நினைத்ததும் உள்ளே சத்தம் பலமாயிற்று.

டாக்டர் கூம்பைக் கழற்றிய நாள், வானம் இருண்டு மழைக்கு முட்டிக்கொண்டிருந்தது. பஞ்சு மேசைமேல் நின்று உடம்பை உதறிக்கொண்டது. "அட, மாப்பிள்ளை மாதிரி ஆயிட்டானே! குத்தவாளியைப் பிடிச்சிட்டீங்களா?" என்று டாக்டர் சிரித்தார். அவள் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. கணவன்.

"எங்கே போயிட்டே? வீடு பூட்டியிருக்கு. என்கிட்ட இருந்த சாவியிலதான் திறந்தேன்."

"சீக்கிரமா வந்துட்டீங்களா? நான் இங்க..."

"ஒண்ணு சொல்லணும். நீ கெட்டிக்காரிதான், ஒத்துக்கிறேன். முடியெல்லாம் எப்படி வளர்ந்திருக்கு! ஆனா பாவம், அதைப் போய்ப் பின்னறையில அடைச்சு வச்சிருக்கே. கதவைப் போட்டுப் பிராண்டிக்கிட்டு இருந்துச்சு. திறந்ததும் ஓடி வந்து மடியில ஏறிடுச்சு."

அவள் பஞ்சுவைப் பார்த்தாள். பஞ்சு அவள் விரலை நக்கியது.

"பயப்படாதே. எங்கேயும் அனுப்பலை. நம்மகூடவே இருக்கட்டும்." போனுக்குள் டக் டக் டக். "ஆனா இன்னும் சொறியுதே. ஏம்மா, வயித்துல இது என்ன? ஆபரேஷன் பண்ணினாங்களா? சொல்லவே இல்லையே. நீல நூல்ல நீளமா தையல் போட்டிருக்கு."

"என்னங்க. அதைக் கீழே விடுங்க. வெளியே வந்துடுங்க."

"இந்த நூல்தான் உறுத்துது. பிரிச்சு விட்டா அரிப்பு நின்னுடும்."

"தொடாதீங்க! அது பஞ்சு இல்லைங்க! பஞ்சு இங்க..."

"ஹலோ? கேக்கலை, இங்க இடி இடிக்குது. உன் கத்தரியை எடுத்துக்கிறேன், திட்டாதே."

போன் வெட்டுப்பட்டது.

ஓடினாள். மழை பிடித்துக்கொண்டது. பஞ்சு கூடவே ஓடி வந்தது. தெருவில் பாதி தூரத்திலேயே அதன் ஓட்டம் தடுமாறியது. வாசலுக்கு வந்ததும் உட்கார்ந்துவிட்டது. பின்னங்காலைத் தூக்கி, சொறியத் தொடங்கியது.

கூடத்து ஜன்னல் மஞ்சளாக எரிந்தது. கம்பளம் பழைய இடத்தில் விரித்திருந்தது. தட்டு பழைய இடத்தில். பந்து பழைய இடத்தில். பிரம்பு நாற்காலியில் கணவன். அவன் மடியில் வெள்ளையாக, புசுபுசுவென்று, கால்களை விரித்து மல்லாந்து கிடந்தது. பழைய கழுத்துப்பட்டைக்கு மேலே தலை இருக்க வேண்டிய இடத்தில், உறையின் மூலை ஒன்று கூராக நிமிர்ந்திருந்தது. அவன் அதைத்தான் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது. ஜன்னலை அறைந்தாள். கத்தினாள். இடி.

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். சிரித்தான். "ஆச்சு, ஒரு நிமிஷம்" என்று உதடு அசைந்தது. கத்தரி நூலில் ஓடியது. அவள் போட்ட தையல். ஒவ்வொரு கண்ணியாக. மெல்ல விரிந்தது. ரோமம் பறக்கவில்லை. உள்ளே சிவப்பாக இருந்தது. ஈரமாக இருந்தது.

பைக்குள் எதையோ தேடுகிறவனைப்போல அவன் விரல்களை உள்ளே விட்டான். பிறகு மணிக்கட்டு. சிரிப்பு மாறவில்லை. பிறகு முழங்கை.

சொறிகிற சத்தம் நின்றது.