சவரி கட்டிய கடைசிப் படகு

1983 மே மாதம். காலை 7.40.

மேட்டூர் அணை வற்றி, நாகமரைக்குக் கீழே ஏரிப்படுகை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வண்டல் அள்ள வந்தவர்களின் மண்வெட்டி மரத்தில் இடித்தது. தோண்டத் தோண்ட ஒரு படகு வெளிப்பட்டது. உள்ளே பதினாறு ஆட்டுக்கற்கள். அவற்றுக்கடியில் ஒரு மனிதனின் எலும்புகள்.

ஏட்டு பெரியண்ணன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படகுக்குள் இறங்கினார். ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம். படகின் நடு அடியில், கட்டைவிரல் பருமனில் ஒரு துளை. விரலை விட்டுப் பார்த்தார். துளையின் உட்சுவரெல்லாம் வழவழவென்று கறுத்த தார். கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு மேலே ஏறினார்.

அந்தப் பக்கம் மரப்படகு கட்டிய ஆள் ஒருவர்தான். சவரி. கடற்கரையில் பிறந்தவர். சொந்தக்காரர் கல்யாணத்துக்கு வந்தவர், அணைத்தண்ணீரைப் பார்த்துவிட்டு இங்கேயே தங்கிப்போனார். மூன்று படகு கட்டினார். ஆட்டுக்கல்லை அக்கரைக்கு ஏற்றிப் போவார். உப்பும் கருவாடும் கொண்டுவருவார். 1961 ஆவணியில் கிளம்பிப் போனவர் திரும்பவில்லை.

9.30. சவரியின் மனைவி லூர்தம்மாள் செய்தியைக் கேட்டும் முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"கூட ஒரு பொம்பள எலும்பும் கெடக்குதுங்களா?"

"இல்லைங்கம்மா. ஏன்?"

"அக்கரையில ஒருத்தியோட ஓடிட்டாருன்னுதான் ஊரே சொல்லுச்சு."

"கடைசியா யாரு வழியனுப்புனது?"

"மாது. பரிசல்காரரு. அப்போ இவருகிட்ட கூலிக்கு இருந்தாரு."

11.15. துறையோரப் புளியமரத்தடியில் மாது உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

"படகு அன்னிக்கு எப்படி இருந்துச்சு?"

"புதுசாட்டம் இருந்துச்சுங்க. மொதநாளு கவுத்துப் போட்டு நான்தான் தார் பூசினேன்."

"அப்போ சவரி உங்ககூட இருந்தாரா?"

"பென்னாகரத்துக்குக் கல்லு எடுக்கப் போயிட்டாருங்க. மறுநாள் காலையில வந்தாரு. படகத் தண்ணியில எறக்கி, கல்ல ஏத்தினோம். கெளம்பிட்டாரு."

"வேற யாராச்சும் தொட்டாங்களா?"

"இல்லீங்க. ராத்திரி நான் பக்கத்துலயேதான் படுத்திருந்தேன்."

1.00. எஸ்.ஐ. மின்விசிறிக்கடியில் சாய்ந்திருந்தார். "பாறை இடிச்சிருக்கும். கேஸை மூடிருங்க ஏட்டையா."

"துளை வட்டமா இருக்குங்க ஐயா. தச்சன் கருவி போட்ட துளை."

"அப்போ எவனோ விரோதி பண்ணியிருப்பான். இருபத்திரண்டு வருசத்துக்கு அப்புறம் எங்க போய்த் தேடுறது?"

பெரியண்ணனுக்கும் அந்த வெயிலில் மறுபடி வண்டியேறத் தெம்பில்லை. ஆனால் லூர்தம்மாள் கேட்ட கேள்வி காதைவிட்டுப் போகவில்லை. கிளம்பினார்.

3.20. மாது அதே இடத்தில் இருந்தார். பெரியண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மாது, படகு கட்டுறவன் எவனும் நடு அடியில துளை போடமாட்டான். அதைப் போட்டது நீங்க."

"எவன் சொன்னான்?"

"தார் சொல்லுச்சு. பூசின பிறகு துளைச்சிருந்தா உள்ள வெறும் மரம் இருக்கணும். உள்ளயெல்லாம் தார் வழிஞ்சிருக்கு. அப்போ பூசும்போதே துளை இருந்திருக்கு. பூசினது நீங்க ஒருத்தர்தான். உங்க கண்ணுக்குத் தெரியாம இருந்திருக்குமா? தண்ணியில எறக்கினதும் முழுகலேன்னா, எதையோ வெச்சு அடைச்சிருக்கீங்க. எதை வெச்சு?"

மாது வற்றிக் கிடந்த ஏரிப்படுகையைப் பார்த்தார்.

"வெல்லங்க," என்றார் மாது. "கெட்டி வெல்லம். பாதி ஏரி போறதுக்குள்ள கரைஞ்சிரும்."

"ஏன்?"

"பத்துப் பரிசல் சுமக்குறத ஒத்தப் படகு சுமந்துச்சு. எங்க பதினோரு வூட்டுக்காரங்களும் சும்மா உக்காந்திருந்தோம். படகு முழுகினாப் போதும்னு நெனச்சேன். ஆளு நீந்திக் கரையேறிருவாரு, கடக்கரைக்காரராச்சேன்னு... கல்லு சரிஞ்சு கால நசுக்கும்னு தோணலைங்க."

"ஓடிட்டாருன்னு கதை கட்டினது?"

"அது ஊரு பேசுனது. நான் வாயத் தொறக்கல. அதுவும் என் பாவந்தான்."

அவரே எழுந்து ஜீப்பில் ஏறினார்.

5.10. லூர்தம்மாள் எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டாள்.

"அப்ப அவரு ஓடலீங்களா?"

"இல்லைங்கம்மா. அக்கரையில கல்ல எறக்கிட்டு வூட்டுக்குத் திரும்பி வரத்தான் கெளம்பினாரு."

"கல்லறைத் திருநாளுக்குக்கூட அவரு பேருல ஒரு மெழுவத்தி ஏத்தலீங்க. சாமியாரு கேட்டதுக்கு, 'அந்த ஆளு பேச்ச எடுக்காதீங்க சாமி'ன்னுட்டேன்." சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். "இருபத்திரண்டு வருசம். ஒருநா விடாம அவர வாய்க்கு வந்தபடி வஞ்சிட்டேனேங்க."

பெரியண்ணன் தொப்பியைக் கழற்றினார். அவளுக்குச் சற்றுத் தள்ளி, வெறுந்தரையில் அவரும் உட்கார்ந்தார்.