விடுவிக்கப்படாத காவலர்

திங்கள் காலை ஆஷ்புரூக் காவல்துறைத் தலைவர் ஹாஸ்கெட், வெர்னா டாலிவரின் சமையலறைக்குள் நுழைந்தபோது தபால்காரர் ஓடிஸ் அங்கேதான் இருந்தார். தபால் கொடுத்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. ஊரில் எந்த வீட்டுக் காபி நன்றாக இருக்கும் என்று அவருக்குத் தெரியும். துப்பறியும் பிரிவிலிருந்து ஓய்வு பெற்ற வெர்னாவின் வீட்டில் கதைகளும் கிடைக்கும்.

ஹாஸ்கெட் ஒரு பில்லை நீட்டினார். தலைப்பில் பக்கத்து ஊரான டென்பியின் பெயர்.

"காவலர் எம்மெட் டனிங். சதுப்பு நிலத்தில் தேடுதல் உதவி, 731 நாள். மதிய உணவு: முட்டை சாண்ட்விச், ஊறவைத்த வெள்ளரி இரண்டு. இன்னும் பணியில்."

ஓடிஸ் கோப்பையைக் கீழே வைத்தார். இரண்டு வருடம் முன்பு, தொலைந்துபோன கிழவர் ஒருவரைத் தேட டென்பி அனுப்பிய ஐவரில் எம்மெட் ஒருவர். கிழவர் கிடைத்தார். எம்மெட் மூடுபனிக்குள் போனவர்தான், திரும்பவே இல்லை.

"நாலாவது பில் இது. வாராவாரம் ஏழு நாள் கூடுது. டென்பில கேட்டா நாங்க அனுப்பலைங்கறாங்க. அன்னிக்கு ஆறு மணிக்கே போகலாம்னு நானே அவரை விடுவிச்சிட்டேன். அனுப்பினது யாருன்னு சொல்லுங்க, கோர்ட்டுக்கு இழுக்கறேன்."

அந்த 'விடுவிச்சிட்டேன்' என்ற ஒரு சொல்லால்தான் எம்மெட்டின் மனைவி ரூத்துக்கு இழப்பீடு இல்லை. பணியில் செத்தால் உதவி கேட்ட ஊர் கொடுக்கும். பணி முடிந்தபின் தொலைந்தால் யாரும் கொடுக்க மாட்டார்கள். ரூத் வீட்டை விற்கப் பலகை மாட்டியிருந்தாள்.

"ஸ்டேஷனைப் பார்க்கணும்" என்றார் வெர்னா.

உதவிக்கு வரும் வெளியூர்க் காவலர் தன் பெயர் பொறித்த பித்தளை வில்லையை நிலையத்துப் பலகையில் மாட்டுவார். விடுவிக்கும்போது தலைவரே அதை எடுத்து அவர் கையில் கொடுப்பார். பலகையின் ஓரத்தில் ஒரு காலண்டர் தொங்கியது. ஜன்னல்கள் சாத்தியிருந்தும் அதன் பின்னால் ஏதோ மெல்லக் கிணுகிணுத்தது.

"சீஃப், இது ரெண்டு வருஷத்துக்கு முந்தின அக்டோபர்" என்றார் ஓடிஸ். "வருஷா வருஷம் புதுசு கொண்டாந்து போடறேன். உங்களுக்குத்தான் பிரிக்க நேரமில்ல."

வெர்னா காலண்டரைத் தொடவில்லை. "அனுப்பினது ரூத். எத்தனை வெள்ளரின்னு எந்த ஆபீசும் எழுதாது. டப்பா கட்டிக் கொடுத்தவதான் எழுதுவா. அவளுக்கு இந்தப் பணம் வேண்டாம். நீங்க அவரை விடுவிச்சீங்களான்னு கேக்கறா. விடுவிச்சிருந்தா வில்லை அவர்கூடப் போயிருக்கும். காலண்டரை எடுங்க."

ஹாஸ்கெட் அசையவில்லை. ஓடிஸ் எடுத்தார். பித்தளையில் 'எம்மெட் டனிங்' என்ற பெயர். சூடேற்றிய அறையில், இரண்டு வருடம் கழித்தும், வில்லை ஈரமாக இருந்தது.

"நாலு பேர்தான் வாங்கிட்டுப் போனாங்க" என்றார் ஹாஸ்கெட், தரையைப் பார்த்து. "நான் எண்ணல. மறுநாள் காலைலதான் இதைப் பார்த்தேன்."

"அப்பவாவது தேடியிருக்கலாமே" என்றார் வெர்னா.

"தேடினா, விட்டுட்டு வந்தது தெரிஞ்சிருக்கும்."

அன்று மதியம் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஹாஸ்கெட் டென்பிக்குப் போனார். யாரும் கூப்பிடாமலே ஓடிஸும் வண்டியில் ஏறிக்கொண்டார்.

ரூத்தின் உள்ளங்கையில் வில்லையை வைத்து, "காவலர் டனிங்கோட பணி முடிஞ்சுது" என்றார் ஹாஸ்கெட். "இழப்பீட்டை இனி எங்க ஊர்தான் கொடுக்கணும்."

அவள் வில்லையை ஏப்ரன் துணியால் துடைத்தாள். மறுபடி ஈரம் படிந்தது. பிறகு வாசலுக்குப் போய் விற்பனைப் பலகையைப் பிடுங்கினாள்.

"பணம் வர நாளாகும்மா" என்றார் ஓடிஸ்.

"அதுக்கில்ல. அவரை விடுவிச்சாச்சே" என்றாள் ரூத், சதுப்புப் பக்கம் பார்த்தபடி. "வந்தா வீடு இருக்கணும்ல."