பித்தளைக் குழவி

சுவரில் தட்டும் ஒலி கேட்டதும் ரவுட்டரை அணைத்து மீண்டும் போடுவது வக்தியின் நெடுநாள் வழக்கம். அடுத்த வீட்டு ஃபிக்ரியா அத்தை, பூண்டு நசுக்கும் பித்தளைக் குழவியால் சுவரைத் தட்டுவாள். மிலானில் இருக்கும் மகன் ஹிஷாமின் முகம் கைபேசியில் உறைந்துவிட்டது என்று அதற்குப் பொருள். ஷுப்ரா பகுதியின் அந்தப் பழைய கட்டடத்தில் ஓர் இணைப்பை இரண்டு வீடுகள் பகிர்ந்துகொள்வது, உப்பைக் கைமாற்றுவது போன்றதுதான். அவளுக்கு மறக்கக்கூடாது என்று, வக்தி ஹிஷாமின் பிறந்த நாளையே கடவுச்சொல்லாக வைத்திருந்தான்.

இன்று நண்பகலிலும் தட்டல் கேட்டது. எழுந்து போய், ரவுட்டரை நோக்கிக் கை நீட்டிய பிறகே நினைவு வந்தது: அத்தையை அடக்கம் செய்து ஒரு மாதம் ஆகிவிட்டது.

வெளியே கமாசீன் காற்று பாலைவனத்தையே வாரிக்கொண்டு வந்து, பகலைத் துருப்பிடித்த இரும்பின் நிறத்துக்கு மங்கச் செய்திருந்தது. இன்னும் சிறிது நேரத்தில் துபாய் நிறுவனத்தினர் திரைவழியே நேர்காணலுக்கு அழைப்பார்கள். வேலையிழந்து தவித்த வக்திக்கு இதுவே கடைசி வாசல். இதற்காகவே புதிய மடிக்கணினியும் வாங்கியிருந்தான்.

சென்ற மாதம் அது வந்த வாரமே, வேகம் போதவில்லை என்று அத்தையிடம் சொல்லாமல் கடவுச்சொல்லை மாற்றியிருந்தான்.

“நெட்டு வரலியே கண்ணு, ஹிஷாம் கூப்பிடுவானே” என்று வாசலில் வந்து நின்றாள் அத்தை.

“தெருவுக்கே இல்ல அத்தை. வயரைத் தோண்டிக்கிட்டு இருக்காங்க.”

“அவனுங்க தோண்டி முடிக்கறதுக்குள்ள எனக்குக் குழி தோண்டிடுவாங்க, போ!”

மறுநாள் தட்டல் ஓயவே இல்லை. இணையத்துக்கான நச்சரிப்பு என்றெண்ணி, வானொலியின் ஒலியைக் கூட்டினான். பிறகு, கட்டடக் காவல்காரன் அப்தூ கதவை உடைத்தபோது, சுவரோரம் சரிந்து கிடந்தாள். குழவி கையிலேயே இருந்தது. அந்தத் தட்டலைத் தான் கேட்டதாக வக்தி எவரிடமும் சொல்லவில்லை.

இப்போது அப்தூவை மேலே அழைத்தான்.

“பக்கத்து வீட்ல யாராச்சும் இருக்காங்களா?”

“புதுப் பூட்டோட சாவி என் இடுப்புல தொங்குது உஸ்தாத். எலிகூட என்னைக் கேட்டுத்தான் உள்ள போகும்.” எட்டிப் பார்த்துச் சிரித்தான். “புதுப் பொட்டி மக்கர் பண்ணுதா? கண்ணு பட்டிருக்கும், உப்பு சுத்திப் போடுங்க.”

அவன் இறங்கிச் சென்றதும் இணைப்பு அறுந்தது. கைபேசிக்கு வந்தது, மடிக்கணினிக்கு மட்டும் வரவில்லை. இணைப்பை நீக்கிவிட்டு மறுபடி சேர்த்தான். ரவுட்டரை இடம் மாற்றினான். கணினியை ஏந்தியபடி அறை அறையாக நடந்தான். அடுப்படியில் செத்துக்கிடந்த அலைக்குறி, கூடத்தில் சற்றே துடித்து, அந்தப் பொதுச் சுவரை அணுக அணுகக் கோடு கோடாக நிமிர்ந்து எழுந்தது. வேறு வழியின்றி மேசையையும் நாற்காலியையும் அங்கேயே இழுத்துப் போட்டான். சுவர் வெதுவெதுப்பாக இருந்தது. நெய்யில் கருகும் பூண்டின் மணம்.

துபாய் அழைப்பு வந்தது. ஒரு முகம் தோன்றி, வாய் திறந்து, உறைந்தது.

தட்டல். தரையோடு தரையாக.

மீண்டும் அழைத்தார்கள். மீண்டும் உறைந்தது.

தட்டல். முழங்கால் உயரத்தில்.

தட்டல். காதருகே. சுவருக்கு இந்தப் பக்கம்.

அவன் திரும்பவில்லை. கடவுச்சொல்லைப் பழையபடி மாற்றினான். ஹிஷாமின் பிறந்த நாள். அலைக்குறி முழுதாக நிரம்பியது. அமைதி.

துபாயின் அழைப்பு ஒளிர்ந்தது. அதன் மேலேயே இன்னோர் அழைப்பு: ஹிஷாம். இந்தக் கணினி அறியாத பெயர்.

வக்தி துபாயைத் துண்டித்தான். எழுந்து, நாற்காலியைத் துடைத்து, பின்னுக்கு இழுத்து வைத்தான்.

“உக்காருங்க அத்தை. தப்பு என்னுதுதான். இனி எப்பவும் நிறுத்த மாட்டேன்.”

இருக்கையின் மெத்தை மெல்ல அமிழ்ந்தது. அழைப்பு தானே திறந்தது. திரையில் ஹிஷாம், நாற்காலியில் இருப்பதைப் பார்த்தான். கண்கள் விரிந்தன, வாய் பிளந்தது. அப்படியே உறைந்துபோனான்.

மேசை மேல் குழவி தட்டியது. பொறுமையின்றி.

வக்தி ரவுட்டரை நோக்கி நடந்தான்.