பச்சை ஒட்டுப் போட்ட கோட்டு

கிட்ட வாங்க கண்ணுங்களா... இன்னும் கிட்ட! பயந்தால் பிடித்துக்கொள்ள என் முந்தானை இருக்கிறது. ரத்தம் சொட்டச் சொட்ட ஒரு கதை சொல்கிறேன். முடியும்வரை ஒருத்தரும் எழுந்து போகக்கூடாது!

“ஐயோ...! கொலை! கொலை!”

1957. ஞாயிற்றுக்கிழமை, விடிந்தும் விடியாத நேரம். நோணாங்குப்பத்துத் தேர்த் திருவிழாவுக்கு இரண்டு நாள் வாசிக்க வந்த உப்பளம் பேண்டு செட்டின் கொட்டகையிலிருந்து அந்த அலறல்!

அலறியது பெரிய டிரம் அடிக்கும் பக்ருதீன்.

அவன் காலடியில் டிரம்பெட் ஊதும் கொளஞ்சி. பனியனோடு கிடந்தான். மண்டை பிளந்திருந்தது! பக்கத்தில் டிரம் ஸ்டாண்டின் இரும்புக்கால்... முடியும் ரத்தமுமாக!

இன்ஸ்பெக்டர் ஆதிமூலம் வந்தார். வந்த வேகத்தில் பக்ருதீன் கன்னத்தில் ஒரு அறை!

“இது உன் ஸ்டாண்டுதானே?”

“ஆமா மிசியே...” பிரெஞ்சுக்காரன் போய் மூன்று வருஷமாகியும் போலீஸைக் கண்டால் ‘ஐயா’வுக்குப் பதில் அவன் வாயில் அதுதான் வந்தது.

“மண்டையப் பொளந்துடுவேன்னு நேத்து இவன்கிட்ட சொன்னியா?”

“சொன்னேன்... என் டிரம்ம தகர டப்பான்னான். வெறும் வாய்ப்பேச்சுங்க அது!”

வயிற்றில் ஒரு உதை. பக்ருதீன் சுருண்டான்.

சுருண்டவன் கண்ணுக்கு நேராகக் கொளஞ்சியின் வலது கை. விரல் மூட்டுகளில் தோல் கிழிந்து தொங்கியது!

“மிசியே! இவன் சும்மா சாவல... கொன்னவன் வாயப் பேத்துட்டுதான் செத்திருக்கான்! இது பல்லு கீறின காயம். என் வாயப் பாருங்க... ஒரு பல்லு ஆடல!”

“தரையில குத்திக்கினு இருப்பான். ஜெயில்ல கம்பி எண்ணும்போது உன் பல்லையும் எண்ணிக்க!”

விலங்கு பூட்டியாகிவிட்டது. வீட்டில் மனைவி ரமீஜா நிறைமாதம். பக்ருதீன் கண்முன்னால் தூக்குக்கயிறு ஆடியது!

ஊர்ப் பெரியவர் கோவிந்தசாமி மூச்சிரைக்க ஓடி வந்தார்.

“ஐயா, பேண்டு இல்லாம எங்க தேர் நகர்ந்ததே இல்ல. சனம் கொதிக்குது. தேர் நெலைக்கு வந்ததும் இவன இழுத்துக்கினு போங்க!”

பிணம் வண்டியேறிப் போனது. தேர் கிளம்பத் தயாரானது. பக்ருதீனின் இடது கை, சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரரோடு விலங்கில். வலது கை, கழுத்தில் தொங்கிய டிரம்மில்!

முன்னால் இன்னொரு டிரம்பெட்காரன் வடிவேல். அவன் முதுகில் பச்சை ஒட்டுப் போட்ட கோட்டு.

“அடப்பாவி... அது கொளஞ்சி கோட்டாச்சே!” பக்ருதீன் கிசுகிசுத்தான்.

“என்னுது கிழிஞ்சிபூட்ச்சிண்ணே. நேத்து மத்தியானமே எரவல் வாங்கினேன். இப்ப உடம்பெல்லாம் கூசுது...”

பக்கத்தில் கிளாரினெட் மாஸ்டர் தணிகாசலம். வாய் நிறைய வெற்றிலை.

“இன்னா மாஸ்டர், ஊதப்போற வாயில வெத்தல? ரீடு பாழாப்பூடும்னு நீங்கதானே சொல்வீங்க!”

மாஸ்டர் சிவப்பாகத் துப்பினார். கிளாரினெட்டை வாயில் வைத்தார்.

திம்... திம்... திம்! டிரம்பெட் முழங்கியது. வெடி வெடித்தது. சனம் கூவியது.

பக்ருதீனுக்குச் சுரீர் என்றது! துப்பியது வெற்றிலைச் சிவப்பா... ரத்தச் சிவப்பா? அது சரி, கிளாரினெட் சத்தம் எங்கே?

டிரம்மை நிறுத்தினான்.

“டேய் வடிவேலு! நிறுத்துடா!”

டிரம்பெட் நின்றது. தேரிழுத்தவர்கள் திகைத்து நின்றார்கள். மாஸ்டரின் கன்னம் மட்டும் உப்பியது. விரல்கள் ஓடின...

சத்தம்? இல்லவே இல்லை!

“மிசியே! கிளாரினெட்ட ஊதணும்னா கீழ்ப்பல்லு மேல உதட்ட மடிச்சிப் புடிக்கணும். அவரு வாயத் தொறந்து பாருங்க!”

கூடவே நடந்து வந்த ஆதிமூலம் மாஸ்டரின் தாடையைப் பிடித்துத் திறந்தார். கீழ்வரிசையில் இரண்டு பற்கள் இல்லை. உதட்டின் உட்புறம் நாராகக் கிழிந்திருந்தது!

அடுத்த நொடி... மாஸ்டரின் இடுப்பிலிருந்து கத்தி! ஆதிமூலத்தின் தோளில் இறங்கியது. ரத்தம் பீறிட்டது!

கத்தி மறுபடி உயர்ந்தது. பக்ருதீன் யோசிக்கவில்லை. போலீஸ்காரரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு பாய்ந்தான். டிரம்மாலேயே நெஞ்சில் ஒரே இடி! விழுந்தவரின் மணிக்கட்டை ஓங்கி மிதித்தான்.

மடக்!

“ஏன் மாஸ்டர்...? நம்ம கொளஞ்சிய ஏன்?”

மாஸ்டர் ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சீறினார்.

“திருவிழா பாக்க வந்த எம்பொண்ணு செல்வாம்பாள... நேத்து சாயங்காலம் உப்பங்கழிக் கரையில கட்டிப்புடிச்சிக்கினு நின்னான்டா! முதுகுதான் தெரிஞ்சிது. அது போதாதா? பச்சை ஒட்டு! அவன் கோட்டுக்கு அந்த ஒட்டப் போட்டதே நாந்தான்!”

ணங்...!

வடிவேலின் டிரம்பெட் தரையில் விழுந்து உருண்டது. முகத்தில் சொட்டு ரத்தமில்லை.

“மாமா...” என்றான். மாஸ்டர் என்று கூப்பிடாதது அதுதான் முதல் தடவை. “நேத்து சாயங்காலம் இந்தக் கோட்டு எம்மேல இருந்துது...”

பக்ருதீனின் விலங்கு கழன்றது. மாஸ்டரின் கையில் பூட்டியது. அன்று அந்தி சாய்வதற்குள் ரமீஜாவின் முன்னால் போய் நின்றான் பக்ருதீன்... முழுசாக!

உங்கள் வீடு வாசலெல்லாம் நல்லா இருக்கணும் கண்ணுங்களா! பேண்டு சத்தம் கல்யாணத்துக்கு மட்டுமே உங்கள் வாசலில் கேட்கட்டும். வருகிற மாப்பிள்ளை மட்டும்...

சொந்தக் கோட்டு போட்டுக்கொண்டு வரட்டும்!