ஒரு பெயருக்கு இரண்டு முகம்

ஆலை வாசலில் இருந்த கேமராத் திரையில் செல்லப்பனின் பெயர் இரண்டு தடவை விழுந்தது.

ஒன்று அவன் முகத்தின் மேல். பச்சைக் கோட்டில் ஒரு கட்டம், கண் இருக்கும் இடத்தில் இரண்டு வெள்ளைப் புள்ளி, கட்டத்தின் தலையில் 'செல்லப்பன்' என்று தமிழில். அது சரி. இன்னொன்று அவனுக்குப் பின்னால், ஆளே இல்லாத இடத்தில், ஆடிக்காற்று தூக்கி வந்த சிமெண்ட் தூசியின் மேல் விழுந்தது. அதே கட்டம். அதே பெயர். திரும்பிப் பார்த்தான். தூசி கலைந்தது. கட்டமும் போய்விட்டது.

"என்னய்யா, இன்னைக்கி ரெண்டாளா வந்திருக்க?" வாட்ச்மேன் சிரித்தான். "கூலியையும் ரெண்டா கேட்டுராத."

செல்லப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெயருக்கு நிஜமாகவே இரண்டு ஆள் உண்டு. வாட்ச்மேனுக்கு அது தெரியாது. மகேஷ் சாருக்கு மட்டும்தான் தெரியும்.

மகேஷ் சார், கேமராவுக்குப் பார்க்கக் கற்றுக்கொடுக்கிற எஞ்சினியர். அரியலூர்ப் பக்கத்து சிமெண்ட் ஆலைக்கு அவரைப் பெங்களூர் கம்பெனி ஒன்று அனுப்பியிருந்தது. வாசலில் ஆளை அடையாளம் சொல்ல ஒரு கேமரா, பெல்ட்டில் மூட்டையை எண்ண ஒன்று, சுண்ணாம்புக்கல் கொட்டும் தொட்டியில் அடைப்பு விழுந்தால் சொல்ல ஒன்று. வாரத்தில் சில நாள் பெரம்பலூர் காலேஜுக்குப் போய்ப் பாடம் நடத்துவார். ஞாயிற்றுக்கிழமை மூட்டை தூக்குகிறவர்களின் காலனியில் பாயைப் போட்டு உட்கார்ந்து எழுத்துச் சொல்லித்தருவார். மிச்ச நேரத்தில் கரித்துண்டால் முகம் வரைவார். நரை விழுந்த பிறகு செல்லப்பன் தன் பெயரைத் தானே படித்தது அவரால்தான். காய்ப்புப் பிடித்த அந்த விரலை அருவருக்காமல் பிடித்து, 'செ'வுக்குக் கொம்பு முன்னால் வரும் என்று எழுத வைத்த மனுஷன்.

ஆலைக்குள் போகிற வேலை டோக்கன் செல்லப்பன் பெயரில் இருந்தது. தம்பி சாமிதுரைக்கு வேலை கிடையாது. அண்ணனுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டால் தம்பி அதே டோக்கனில் உள்ளே போவான். காலனியில் பாதி வீட்டில் இதுதான் வழக்கம். வாசலில் கேமரா வைக்கப்போகிறார்கள் என்றதும் செல்லப்பன் சாரிடம்தான் போய் நின்றான்.

"கவலப்படாதீங்க செல்லப்பண்ணே. ரெண்டு பேர் மூஞ்சியயும் ஒரே பேர்ல ஏத்திடறேன். யாரு வந்தாலும் கதவு தொறக்கும். நமக்குள்ள இருக்கட்டும்."

"அப்ப எனக்குன்னு பேரே கெடையாதுங்களா சார்?" என்று சாமிதுரை கேட்டான். மூன்று பேரும் சிரித்தார்கள்.

ஆடி பிறந்ததும் செல்லப்பனுக்குக் காய்ச்சல். தம்பி போனான். திரும்பி வரவில்லை.

கான்ட்ராக்டர் கையை விரித்துவிட்டார். "சாமிதுரையா? அப்புடி ஒருத்தன் நம்மகிட்ட வேலைக்கே இல்லயேப்பா. அன்னைக்கி வந்தது நீதான்னு கேமரா சொல்லுது. நீ என் முன்னாடி நிக்கிற. அப்புறம் என்னா?"

மகேஷ் சார் தோளில் கை போட்டுச் சொன்னார். "திருப்பூருக்குப் போயிருப்பான்ணே. சின்ன வயசு. வந்துருவான்."

சார் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும். தம்பி பெண்டாட்டி புஷ்பவல்லி மட்டும் நம்பவில்லை. இன்று கிளம்பும்போதுகூட வீட்டு வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "கட்டுன லுங்கியோட யாரு மாமா திருப்பூருக்குப் போவா? துணியெல்லாம் பெட்டியில அப்புடியே கெடக்கு. அவரு எங்கன்னு இன்னைக்கி கேட்டுட்டு வாங்க. இல்லாட்டி நானே வந்து கேட்டுல குந்திக்குவேன்."

கேட்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தான்.

பேக்கிங் கொட்டகையில் பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது; ரப்பர் காந்துகிற வாசனை, காகிதப் பையின் வாசனை, நாக்கில் ஒட்டி எச்சிலைப் பசையாக்குகிற சாம்பல் பொடி, கூரைத் தகரத்தைக் காற்று அறைந்து அறைந்து விடும் சத்தம், எல்லாம் எப்போதும் போலத்தான் இருந்தன. புது சிமெண்ட் சூடாகத்தான் வரும். தோளில் போட்டதும் மூட்டை தன் வாய்ப்பக்கமாகப் புஸ்ஸென்று காற்று விடும். வருஷக்கணக்காக அவன் தோளுக்குப் பழகிய சூடு, காதுக்குப் பழகிய காற்று.

ஆனால் இன்றைக்குச் சூடு ஒரே இடத்தில் இருந்தது. காய்ச்சல்காரன் ஒருவன் கன்னத்தைச் சாய்த்துக்கொண்ட மாதிரி, கழுத்துக்கு ஒட்டினாற்போல. காற்றும் ஒரு தடவையோடு நிற்கவில்லை. விட்டது. இழுத்தது. மறுபடியும் விட்டது.

மூட்டையை லாரியில் போட்டுவிட்டு விலகி நின்று பார்த்தான். மூட்டைதான். அடுத்ததைத் தூக்கினான்.

அதுவும் மூச்சு விட்டது.

பொழுது சாயும்வரை அப்படியே தூக்கினான். பிறகு தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், சார் அறைக்கு நடந்தான். இருட்டிக்கொண்டு வந்தது. அறை திறந்திருந்தது. சார் வெளியில் போனில் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தார். உள்ளே ஏசிக் குளிர் முதுகின் வேர்வையை ஈரத்துணி மாதிரி ஒட்ட வைத்தது. சுவரில் வரிசையாகத் திரைகள். எதிர்ச்சுவர் நிறைய சார் வரைந்த முகங்கள், எல்லாம் தெரிந்த முகங்கள். மேசையில் பாதி முடிந்த படம் ஒன்று கிடந்தது, பக்கத்தில் கரித்துண்டு.

சாமிதுரை.

ஆனால் ஒரு ஆளை எந்த ஆளும் அப்படிப் பார்த்திருக்க முடியாது. நேர் மேலே இருந்து. அண்ணாந்த முகம், திறந்த வாய், தலைக்கு மேல் நீட்டிய ஒரு கை. நெஞ்சு வரை கல்.

கல் தொட்டிக்கு மேலே, கூரையில், கேமரா மட்டும்தான் உண்டு.

"செல்லப்பண்ணே..." வாசலில் சார் நின்றார்.

"இத எங்க சார் பாத்தீங்க?"

"வரையாம இருக்க முடியலண்ணே. கண்ண மூடுனா அதான் வருது."

"எங்க சார் பாத்தீங்க?"

சார் உட்கார்ந்தார். தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "அடைப்பு எடுக்க அவனத் தொட்டிக்குள்ள எறக்கி விட்டிருக்காங்க. அது தெரியாம மேல லாரி வந்து கொட்டிருச்சு. நான் அப்ப காலேஜ்ல கிளாஸ்ல இருந்தேன். சாயங்காலம் வந்து பாக்கறப்ப கிரஷர் ஓடி, மில்லு ஓடி, சூளைக்கும் போயி..." அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. "உள்ள வந்தது யாருன்னு ஆலைக்காரங்க கேட்டாங்க. செல்லப்பன்னேன். செல்லப்பன் உசுரோட இருக்கானான்னாங்க. இருக்காருன்னேன். அப்ப யாரும் சாகலன்னுட்டாங்க. கேமராவுல பதிஞ்ச படத்த அழிக்கச் சொன்னாங்க. அடுத்த மாசம் எனக்கு வெளிநாடு போற வேலைண்ணே. அவங்க கையெழுத்துப் போட்டாத்தான்..."

"ஒரே பேர்ல ஏத்துனது எங்களுக்காகன்னு சொன்னீங்களே சார்."

"அப்ப உங்களுக்காகத்தாண்ணே ஏத்துனேன்."

அடிக்கக்கூடக் கை எழவில்லை. சாரின் இந்தக் கைதான் தன் விரலைப் பிடித்தது. இந்தக் கைதான் அழித்தது. கரி படிந்த அந்த விரல்களையே பார்த்தான். புஷ்பவல்லிக்கு என்ன சொல்வது? எதைக் காட்டி இதுதான் உன் புருஷன் என்பது?

சாரின் தலைக்குப் பின்னால் ஒரு திரை. மூட்டை எண்ணுகிற கேமராவின் திரை. அதற்கு மூட்டையின் ஓரம் மட்டும்தான் தெரியும், முகம் தேடத் தெரியாது.

பெல்ட்டில் ஒரு மூட்டை வந்தது. அதன் மேல் பச்சைக் கட்டம் விழுந்தது.

செல்லப்பன் எழுத்துக் கூட்டினான். செ. ல். ல. ப். ப. ன்.

அடுத்த மூட்டை. செல்லப்பன்.

அடுத்தது. செல்லப்பன்.

"சார். அங்க."

சார் திரும்பினார். நாற்காலி சுவரில் போய் இடித்தது. "இல்ல. இத நான் எழுதவே இல்ல." பொத்தான்களைத் தட்டினார். கட்டங்கள் போகவில்லை. ஒயரைப் பிடுங்கினார். திரை கறுத்தது.

பக்கத்துத் திரையில் கட்டம் வந்தது. லாரி நிற்கிற முற்றம். ஆட்கள் வரிசையாக மூட்டை சுமந்து நடந்தார்கள். சுமக்கிறவன் முகத்தில் கட்டம் இல்லை. தோளில் கட்டம். ஒவ்வொரு தோளிலும். லாரியில் அடுக்கடுக்காகக் கட்டம். காலையிலிருந்து செல்லப்பன் ஏற்றியவை அடியில் இருந்தன. கட்டம் மட்டும்தான், புள்ளி இல்லை. மூடிய கண்ணுக்கு மெஷின் புள்ளி வைக்காது. சார்தான் சொல்லியிருந்தார்.

"நிழல்ணே," என்றார் சார். "சில நேரம் நிழலப் பாத்து முகம்னு..."

மேல் வரிசையில் ஒரு மூட்டையில் இரண்டு புள்ளி வந்தது.

பக்கத்தில் இரண்டு.

கீழே. அதற்கும் கீழே.

லாரி முழுக்க.

வெளியில் தார்ப்பாயை இழுத்துக் கட்டினார்கள். மூட்டைகள் மறைந்தன. புள்ளிகள் மறையவில்லை.

"பெரம்பலூர் காலேஜ் லோடு! போலாம், ரைட்!"

லாரி நகர்ந்து, முற்றத்தில் வளைந்து, கேட்டுக்குத் திரும்பியது. கட்டங்கள் லாரியோடு திரும்பின. புள்ளிகள் திரும்பவில்லை. கட்டத்தின் ஓரத்துக்கு, ஓரத்தின் ஓரத்துக்கு ஒதுங்கி, அத்தனையும் கேமராவையே பார்த்துக்கொண்டு போயின.