மூன்று அங்குல ரகசியம்

ஆடு தின்றது இரண்டே பக்கம்தான். மற்ற எல்லாக் கேட்டையும் செய்தது நான்.

என் பெயர் யாய்ரா. ஹோ நகரத்தில் சந்தைக்குப் போகும் சாலையில் என் அம்மா எசினாமின் தையல் கடை இருக்கிறது. அம்மாவிடம் ஒரு பழைய நோட்டு உண்டு. ஊரில் பாதிப் பேருடைய தோள், இடுப்பு, கை நீளம் எல்லாம் அதில்தான் இருக்கும். அளவுக்குப் பக்கத்தில் அம்மா தனக்காகச் சின்னச் சின்னக் குறிப்பும் எழுதி வைப்பாள். "இடது தோள் சரிவு." "நாற்பது என்பார், நாற்பத்து நான்கு வைக்கவும்." அந்த நோட்டை அம்மா யாருக்கும் காட்டியதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, பக்கத்து வீட்டு ஆடு கடைக்குள் புகுந்து அதில் இரண்டு பக்கத்தை மென்று விழுங்கிவிட்டது. அப்போது தேவாலயப் பாடகர் குழுவின் ஆண்டு விழாவுக்குப் பத்து நாள்தான் இருந்தது. இருபத்தாறு பேருக்கும் ஒரே துணியில் அம்மாதான் உடை தைக்க வேண்டும்.

"மிச்சத்தையாவது போன்ல படம் புடிச்சு வெச்சுக்கலாம்னா, அதுல எடமே இல்லியே," என்றாள் அம்மா. போன் முழுக்க உடை மாதிரிகளின் படங்கள்.

"மேகக் கிடங்குல வெச்சுடலாம்மா," என்றேன் நான். "எங்கேயோ இருக்கிற பெரிய கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்கும். போன் தொலைஞ்சாலும் திரும்ப எடுத்துக்கலாம். ஆடும் திங்காது."

"போனை ஆடு தின்னா?" என்றான் தம்பி செலோம்.

"அப்பவும் கிடைக்கும்டா!"

"உனக்கு இதெல்லாம் தெரியுமாடி?" என்றாள் அம்மா.

என்ன கேள்வி! வகுப்பில் கணினிப் பாடத்தில் நான்தான் முதல் மதிப்பெண். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

தேடியதில் இரண்டு கிடங்குகள் அகப்பட்டன. ஒன்றின் சின்னம் யானை, இன்னொன்றின் சின்னம் ஆமை. யானை நூறு ஜிபி இலவசமாகத் தந்தது. ஆமை ஐந்துதான் தந்தது. அதற்கே பெண் கேட்டு வந்த வீட்டார் மாதிரி கேள்வி மேல் கேள்வி கேட்டது. யார் பார்க்கலாம்? பூட்டு வேண்டுமா? இரண்டாவது பூட்டு? மூன்றாவது கேள்வியிலேயே எனக்கு அலுத்துவிட்டது.

"ரெண்டையும் நல்லாப் படிச்சுப் பார்த்தியா?" என்றாள் அம்மா.

"பார்த்துட்டேன்மா. யானைதான் பெஸ்ட்டு."

நான் படித்தது 'நூறு' என்ற எண்ணை மட்டும்தான். நோட்டில் மிச்சம் இருந்த அறுபத்து நான்கு பக்கங்களையும் படம் பிடித்து, போனில் சேர்க்காமல் நேராக யானைக்கு ஏற்றினேன். யானை ஏதோ ஒரே ஒரு கேள்வி கேட்டது. என்னவென்று பார்க்காமலே 'சரி' என்பதை அமுக்கினேன்.

மறுநாள் மாலை பாட்டுப் பயிற்சிக்கு அம்மாவோடு நானும் போனேன். வாசலிலேயே சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்த நேரம் மேடம் ஜிக்போர்டி உள்ளே நுழைந்தார். பாடகர் குழுவின் தலைவி அவர். எப்போதும் நிமிர்ந்துதான் நடப்பார்.

"மேடம், கொஞ்சம் மூச்சை விடுங்க! யாரும் பாக்கல!" என்றார் டெலாலி அண்ணன். அடித்தொண்டையில் பாடுகிறவர் அவர். கையில் இருந்த போனைப் பார்த்து அதே குரலில் வாசித்தார். "மேடம் ஜிக்போர்டி. இடுப்பு நாற்பத்திரண்டு. மூச்சை இழுத்துப் பிடிப்பார். மூன்று அங்குலம் கூட்டவும்."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மேடத்தின் உதடு நடுங்கியது. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

போனில் தெரிந்தது அம்மாவின் கையெழுத்து. 'உங்கள் நண்பர்களுக்கும் காட்டலாமா?' என்பதுதான் யானை கேட்ட கேள்வி. அம்மாவின் போனில் இருந்த அத்தனை பேருக்கும் செய்தி போயிருந்தது. கூடவே நோட்டின் முதல் பக்கமும் போயிருந்தது. மற்ற பக்கங்களைத் திறந்து பார்க்க நல்லவேளையாக யாருக்கும் பொறுமை இல்லை.

அம்மா தன் போனையே வெறித்துப் பார்த்தாள். "நான்தான் தெரியாம எதையோ அமுக்கியிருப்பேன்," என்றாள்.

நான் வாயைத் திறக்கவில்லை.

வியாழக்கிழமை அம்மா சுடச்சுட அபோலோ என்னும் சோள மாவுப் பலகாரம் வாங்கி இலையில் கட்டிக்கொண்டு மேடம் வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். மேடம் வாசல் கதவைப் பாதிதான் திறந்தார்.

"பன்னெண்டு வருஷமா உன்கிட்டதான் தைக்கிறேன், எசினாம். வேற யார்கிட்டயாவது அளவு குடுத்திருக்கேனா?"

"எனக்கு இந்த போனைப் பத்தி ஒண்ணும் தெரியல மேடம். என் தப்புதான். மன்னிச்சுடுங்க," என்று அம்மா தலை குனிந்தாள்.

செய்யாத தப்புக்கு அம்மா மன்னிப்புக் கேட்கிறாள். செய்தவள் பக்கத்தில் நின்று செருப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் காதெல்லாம் சுட்டது. 'சொல், சொல்' என்று மனம் சொன்னது, நாக்கு அசையவில்லை. கதவு மூடிக்கொண்டது. அபோலோ அம்மா கையிலேயே ஆறிப்போனது.

"இனிமே நம்மள நம்பி யாரு அளவு குடுப்பாங்க?" என்றாள் அம்மா, வழியில்.

வீட்டில் எனக்குப் பிடித்த வெண்டைக்காய்ச் சாறு. ஒரு வாய்கூட இறங்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அம்மா, நீ ஒண்ணும் அமுக்கல. நான்தான். படிச்சுப் பார்த்துட்டேன்னு சொன்னதும் பொய்யி."

அம்மா திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் போனை என் பக்கம் தள்ளினாள். "நீ போட்டத நீயே எடு."

இந்த முறை யானையின் ஒவ்வொரு வரியையும் படித்தேன். 'எல்லோரும் பார்க்கலாம்' என்ற இடத்தைக் கண்டுபிடித்து மூடினேன். படங்களை அழித்தேன். பிறகு ஆமையைத் திறந்து பதினான்கு கேள்விக்கும் பதில் சொன்னேன். பூட்டுச் சொல்லை அம்மாவையே போடச் சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அறுபத்து நான்கு பக்கத்தையும் மறுபடி படம் பிடித்து ஏற்றிய பிறகும் ஆமையிடம் ஏகப்பட்ட இடம் மிச்சம் இருந்தது.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் தனியாக மேடம் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன்.

"நேத்து உங்கம்மா மன்னிப்பு கேட்டப்ப, பக்கத்துலதானே நின்னே?"

"ஆமா ஆன்ட்டி."

"வெக்கமா இல்ல?"

"ரொம்ப வெக்கமா இருக்கு ஆன்ட்டி."

அவர் கதவை மூடிவிட்டார்.

அன்று மாலை பயிற்சியில் தலைவி இல்லாமல் பாட்டு ஆளுக்கொரு பக்கம் ஓடியது. நான் எழுந்து முன்னால் போனேன்.

"அந்தப் படத்த அனுப்புனது எங்கம்மா இல்ல, நான். படிக்காமலே அமுக்கிட்டேன். எங்கம்மா அத எழுதினது சிரிக்கிறதுக்கு இல்ல. நீங்க உக்காரும்போது தையல் விட்டுடக் கூடாதுன்னுதான். உங்க எல்லாருக்கும் அதுல ஒரு பக்கம் இருக்கு. தயவுசெஞ்சு அந்தப் படத்த அழிச்சுடுங்க."

மெல்ல ஒவ்வொரு போனாக வெளியே வந்தது.

டெலாலி அண்ணன் குனிந்து என் காதில் கேட்டார். "என் பக்கத்துல என்ன எழுதியிருக்கு?"

"சொல்ல மாட்டேன் அண்ணே. மேடத்தோடதையும் யாரும் பார்த்திருக்கக் கூடாது."

அவர் தலையைச் சொறிந்துகொண்டார். அடுத்த நாள் காலை மேடம் வீட்டு வாசலில் அவரும் நின்றார் என்று செலோம் வந்து சொன்னான்.

திங்கட்கிழமை, கடை வாசலில் ஒரு நிழல் விழுந்தது. மேடம் ஜிக்போர்டி! நேராக உள்ளே வந்து நிமிர்ந்து நின்றார். அம்மா அவசரமாக டேப்பை எடுத்து அவர் இடுப்பைச் சுற்றினாள்.

"அளவ எங்க எழுதப் போறீங்க?" என்று மேடம் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"நோட்டுல எழுதிட்டு, ஆமைகிட்ட வெச்சுடுவோம் ஆன்ட்டி."

"அந்த ஆமை ஊரெல்லாம் போய்ச் சொல்லாதுல்ல?"

"சொல்லாது. பூட்டு அம்மாகிட்ட இருக்கு. அது என்னன்னு எனக்கே தெரியாது."

மேடம் வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அங்கே ஆடு மட்டும்தான் நின்றது.

"அப்பாடா!" என்று மூச்சை விட்டார்.

அம்மாவின் கையில் டேப் நகர்ந்தது, சரியாக மூன்று அங்குலம்.